இழுப்புகள் சமப்படும் இடம்

மட்டு மதிப்புச் சார்பு ஒன்றைக் கொடுத்து அதன் வரைபடம் எந்தப் புள்ளியில் திரும்புகிறது என்று கேட்டால், நம் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுவார்கள். நேர்கோடுகளுக்குள் இருக்கும் எண்ணின் குறியை மாற்று, வெளியே இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள். 2|எக்ஸ் − 3| + 1 என்றால் திருப்பு முனை (3, 1). விடை சரி, மதிப்பெண்ணும் வந்துவிடும். உள்ளே இருப்பது ஏன் குறி மாறுகிறது, வெளியே இருப்பது ஏன் மாறவில்லை என்று அடுத்ததாகக் கேட்டால்தான் தடுமாற்றம் தெரியும். |2எக்ஸ் + 6| − 5 என்று சற்றே மாற்றிக் கொடுத்தால் ஒருவர் −6 என்பார். இன்னொருவர் பரவளையத்துக்கென மனப்பாடம் செய்த சூத்திரத்தை இங்கே இழுத்துவந்து −1.5 என்பார். உள்ளே இருப்பது பூஜ்ஜியமாகும் இடம் −3. அதைக் கண்டுபிடிக்க எந்த விதியும் தேவையில்லை, மட்டு மதிப்பு என்பது தூரம் என்ற ஒரே நினைவு போதும். அந்த நினைவை விதி மறைத்துவிடுகிறது என்பதும், அதனால் ஒரு பாடம் மட்டுமல்ல, ஒரு முழுச் சிந்தனை மரபே நம் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போகிறது என்பதும்தான் இங்கே என் வாதம்.

தூரம் என்று சொன்னால் ஓர் இடம் வேண்டும். பாலவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே கொட்டிவாக்கம், தெற்கே நீலாங்கரை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது மாநகரத்தோடு சேர்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. இப்படிச் சாலையோடு நீண்டு கிடக்கும் ஊர் கணக்கு ஆசிரியருக்குக் கிடைத்த வரம். எண்கோடு தரையிலேயே கிடக்கிறது. ஊரின் வட எல்லையிலிருந்து நூறு நூறு மீட்டராக அளந்தால், ஒரு பேருந்து நிறுத்தம் எக்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. 3 என்ற இடத்தில் ஒரு தெரு கடலை நோக்கிப் பிரிகிறது. தெருமுனைக்கும் நிறுத்தத்துக்கும் இடையே நடக்க வேண்டியது |எக்ஸ் − 3|. போகவும் வரவும் நடந்தால் அதன் இரு மடங்கு. வீடு தெருவுக்குள் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர இன்னும் ஒரு நூறு மீட்டர். ஆக, 2|எக்ஸ் − 3| + 1. இப்போது திருப்பு முனை எங்கே என்று கேட்பது, நிறுத்தத்தை எங்கே வைத்தால் இந்த வீட்டுக்காரருக்கு நடை மிகக் குறைவு என்று கேட்பதுதான். தெருமுனையிலேயே வைத்தால் சாலையில் நடக்கும் நடை பூஜ்ஜியம். அதனால் 3. தெருவுக்குள் நடக்க வேண்டியதை நிறுத்தத்தை எங்கே நகர்த்தினாலும் குறைக்க முடியாது. அதனால் அந்த 1 வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கிறதே தவிர, முனையைப் பக்கவாட்டில் அசைப்பதில்லை. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு குறி விளையாட்டு அல்ல, நம் கையில் இருக்கும் தூரத்துக்கும் நம் கையில் இல்லாத தூரத்துக்கும் உள்ள வேறுபாடு.

இதுவரை விதியும் சிந்தனையும் ஒரே விடையைத்தான் தருகின்றன. அப்படியென்றால் விதியையே வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். விதி எங்கே வழுக்குகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 2எக்ஸ் + |எக்ஸ் − 3| என்ற சார்பை வரைந்து பாருங்கள். 3-க்கு இடப்பக்கம் மட்டு மதிப்பின் சாய்வு −1, கோட்டின் சாய்வு 2, இரண்டும் சேர்ந்து 1. வலப்பக்கம் 1-உம் 2-உம் சேர்ந்து 3. வரைபடம் 3-இல் ஒடிகிறது, ஆனால் திரும்பவில்லை. ஏறிக்கொண்டிருந்தது இன்னும் வேகமாக ஏறத் தொடங்குகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பதைப் பூஜ்ஜியமாக்கு என்ற கட்டளை நமக்கு ஒடிவைத்தான் காட்டுகிறது. அது திருப்பமா இல்லையா என்பது இருபுறத்துச் சாய்வுகளையும் பார்த்த பிறகே தெரியும். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. எக்ஸின் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்து மட்டு மதிப்பு எடுத்தால், −2-இலும் 2-இலும் கூர்முனைகள் வருகின்றன. ஆனால் நடுவே 0-விலும் வரைபடம் 4 என்ற உயரம்வரை ஏறி வழவழப்பாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் உள்ளே இருப்பது பூஜ்ஜியமே இல்லை. |எக்ஸ் − 1| − |எக்ஸ் − 5| என்பதில் இரண்டு ஒடிவுகள், திருப்பம் ஒன்றுகூட இல்லை. இவற்றையெல்லாம் தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் திருப்பம் என்றால் என்ன என்ற கேள்வியே இங்கேதான் பிறக்கிறது: இறங்கிவந்தது ஏறத் தொடங்க வேண்டும், அல்லது ஏறிவந்தது இறங்கத் தொடங்க வேண்டும். சாய்வின் குறி மாற வேண்டும். சாய்வு என்பதை ஓர் இழுப்பாக எண்ணிக்கொண்டால், ஒரு பக்க இழுப்பு வென்றுகொண்டிருந்த நிலை மாறி மறுபக்க இழுப்பு வெல்லத் தொடங்கும் இடமே திருப்பு முனை.

இந்த இழுப்புக் கணக்கின் முழு வீச்சு ஒரே வீடு இருக்கும்போது தெரியாது. சாலையில் ஐந்து தெருமுனைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்: வட எல்லையிலிருந்து 100, 200, 400, 700, 1,600 மீட்டர். நிறுத்தத்தை எங்கே வைத்தால் ஐந்து குடும்பங்களின் மொத்த நடை மிகக் குறைவாக இருக்கும்? ஐந்து மட்டு மதிப்புகளின் கூட்டுத்தொகையை வரைந்து அதன் திருப்பு முனையைக் காண வேண்டும். வடகோடியில் தொடங்குவோம். ஐந்து குடும்பங்களும் தெற்கே இருக்கின்றன; நிறுத்தம் ஒரு மீட்டர் தெற்கே நகர்ந்தால் மொத்த நடை ஐந்து மீட்டர் குறைகிறது. முதல் தெருமுனையைத் தாண்டியதும் ஒருவர் பின்னே போய்விடுகிறார். நால்வருக்குக் குறைகிறது, ஒருவருக்குக் கூடுகிறது, நிகரம் மூன்று. இரண்டாவதைத் தாண்டினால் நிகரம் ஒன்று. மூன்றாவதைத் தாண்டிய கணத்தில் இருவருக்குத்தான் குறைகிறது, மூவருக்குக் கூடுகிறது. வரைபடம் ஏறத் தொடங்குகிறது. ஆகவே திருப்பு முனை 400-இல். மொத்த நடை 2,000 மீட்டர். கூட்டிக் கழித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை; இருபுறமும் எத்தனை பேர் என்று எண்ணினால் போதும். நடுவில் நிற்பவர் யாரோ அவர் வாசலில்தான் முனை. புள்ளியியல் வகுப்பில் இடைநிலை அளவு என்ற பெயரில், எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடு என்ற இன்னொரு கட்டளையாகப் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். இயற்கணித வகுப்பில் ஒரு விதி, புள்ளியியல் வகுப்பில் வேறொரு விதி. இரண்டும் ஒரே வரைபடத்தின் ஒரே முனை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆறாவது குடும்பம் ஒன்று வேறொரு தெருமுனைக்கு வந்துவிட்டால் முனை என்று ஒரு புள்ளியே இருக்காது. நடுவில் உள்ள இரு தெருமுனைகளுக்கும் இடைப்பட்ட சாலைத் துண்டு முழுதும் சமதளமாகிவிடும், அதில் எங்கே வைத்தாலும் மொத்த நடை ஒன்றே. கணக்குக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று நம்பிப் பழகிய பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

இந்த எண்ணும் முறை புதிதல்ல. பூமி உருண்டையா, துருவங்களில் தட்டையா, எவ்வளவு தட்டை என்ற கேள்வி 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆட்டிப்படைத்தபோது, இன்றைய குரோவேசியாவின் துப்ரோவ்னிக்கில் பிறந்த இயேசு சபைத் துறவி ரோஜர் போஸ்கோவிச், கிறிஸ்டோபர் மைர் என்பவரோடு சேர்ந்து ரோம் நகருக்கும் ரிமினிக்கும் இடையே தீர்க்கரேகை வில்லை அளந்தார். அவர் முன்னே இருந்தவை ஐந்து அளவுகள்: கீட்டோ, நன்னம்பிக்கை முனை, ரோம், பாரிஸ், லாப்லாந்து. ஐந்தும் ஒரே நேர்கோட்டில் உட்கார மறுத்தன. 1757 வாக்கில் அவர் ஒரு வழி சொன்னார்: கூடுதல் பிழைகளும் குறைவுப் பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும், குறியைப் பார்க்காமல் எடுத்த பிழைகளின் மொத்தம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை அச்சாக நம் சாலைக் கணக்குத்தான். கோட்டைச் சுழற்றிக்கொண்டே போய், மொத்தம் குறைவதை நிறுத்திக் கூடத் தொடங்கும் இடத்தை வடிவியல் வழியிலேயே அவர் பிடித்தார். மட்டு மதிப்புக்கு இன்று நாம் எழுதும் இரண்டு நேர்கோட்டுக் குறி அப்போது இல்லை. அதைக் கணிதர் வையர்ஸ்ட்ராஸ் எழுதியது 1841-இல். குறியீடு வருவதற்கு ஒரு தலைமுறைக்கும் மேல் முன்பே அதன் திருப்பு முனையைத் தேடும் வேலை நடந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த வழி ஏன் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பதற்கான விடையின் ஒரு நுனி பாலவாக்கத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கத்தை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல். பாலவாக்கத்திலிருந்து மேற்கே கால்வாயையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் கடந்து தென்மேற்கே போனால் அந்தப் பெரும்பாக்கம். நூறடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீண்டுவிடாமல் பார்க்கவும், நீண்டால் எவ்வளவு என்று கணக்கில் சேர்க்கவும் மரப்பெட்டிகளும் வெப்பமானிகளும் வைத்து அளந்தார்கள். அங்கே தொடங்கியதுதான் இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை. போஸ்கோவிச்சைத் துரத்திய அதே கேள்விதான் லாம்ப்டனையும் துரத்தியது: பூமியின் வடிவம். ஆனால் அவர் தமிழ் மண்ணில் அளந்த வில்லை ஐரோப்பியக் கணிதர்கள் கையாண்ட நேரத்தில் முறை மாறிவிட்டது. 1805-இல் லெஜாந்தர் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். காஸ் 1809-இல் அதற்கு நிகழ்தகவுக் காரணம் கொடுத்தார். 1841-இல் பெசல் பூமியின் அளவைக் கணித்தபோது எடுத்துக்கொண்ட பத்து வில்களில் லாம்ப்டனின் வில்லும் ஒன்று. கையாண்டது மீச்சிறு வர்க்க முறை. பிழையின் தூரத்தை எடுக்காமல் அதன் வர்க்கத்தை எடுத்தால் கூர்முனை மறைந்து பரவளையம் வருகிறது, வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கினால் எளிய சமன்பாடு கிடைக்கிறது, தாளில் தீர்த்துவிடலாம். இடைநிலை அளவைத் தரும் முறை வரிசைப்படுத்திப் படிப்படியாகத் தேட வேண்டியது. கையால் நூற்றுக்கணக்கான அளவுகளைக் கணக்கிட்ட காலத்தில் அது தோற்றது இயல்பே. 1955-இல் சார்ன்ஸ், கூப்பர், ஃபெர்குசன் மூவரும் நேரியல் திட்டமிடல் வழியாக அதைத் தீர்க்கலாம் என்று காட்டிய பிறகு, கணினிகளின் துணையோடு அது மறுபடி உயிர்பெற்றது. அதாவது அது ஒதுங்கியது வசதிக் குறைவால்தான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதினோராம் வகுப்புப் பாடநூலின் முதல் தொகுதியில் மட்டுச் சார்பின் வரைபடத்தை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தும் பிள்ளை, இரண்டாம் தொகுதியில் அதே வரைபடத்தை வகையிட முடியாத சார்புக்கு எடுத்துக்காட்டாகச் சந்திக்கிறது. கூர்முனையில் தொடுகோடு இல்லை, வகைக்கெழு இல்லை. ஆகவே அது ஒரு குறை என்ற எண்ணம் பதிகிறது. நுண்கணிதம் தொட முடியாத இடத்தை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவருக்கு, அந்தத் தொட முடியாமையே அதன் வலிமை என்பது என் பதில். ஐந்து குடும்பங்களின் சராசரி இடம் 600 மீட்டர். வர்க்கங்களின் கூட்டுத்தொகை திரும்பும் இடம் அதுதான். இப்போது 1,600 மீட்டரில் இருந்த குடும்பம் 4,600 மீட்டருக்கு, நீலாங்கரையையும் தாண்டி, குடிபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1,200-க்கு ஓடிவிடுகிறது. மற்ற நான்கு குடும்பங்களும் இருக்கும் பகுதியைத் தாண்டி நிறுத்தம் போய்விடுகிறது. கூர்முனை 400-இல் இருந்து ஒரு மீட்டர்கூட அசையவில்லை, ஏனென்றால் தெற்கே இழுப்பவர்கள் அப்போதும் இருவர், இப்போதும் இருவர். எவ்வளவு தொலைவிலிருந்து இழுத்தாலும் ஒருவருக்கு ஓர் இழுப்புதான். தவறாகப் பதிவான ஓர் அளவு, ஒரு மாவட்டத்தின் வருமானக் கணக்கில் புகுந்துவிட்ட ஒரு கோடீஸ்வரர், வெயிலில் நீண்ட ஒரு சங்கிலி, எதுவும் அந்த முனையைத் தன் பக்கம் கடத்திச் செல்ல முடியாது. வழவழப்பான பரவளையத்தின் அடிவாரத்தில் இந்தப் பிடிமானம் இல்லை. அங்கே சிறு தள்ளலுக்கும் புள்ளி நகர்கிறது. கூர்மைதான் பிடித்து நிறுத்துகிறது.

இன்னொரு மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது: வகுப்பில் நேரம் இல்லை, தேர்வில் விடை மட்டுமே எண்ணப்படுகிறது. நேரம் இல்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் விதியைக் கற்பித்து, அது வழுக்கும் இடங்களுக்குத் துணைவிதிகள் கற்பித்து, இடைநிலை அளவுக்குத் தனி விதி கற்பித்து, பிறகு வகையிடாமைக்கு இன்னொரு பாடம் நடத்துவதைவிட, ஒரு சாலையும் சில வீடுகளும் வரைந்து இருபுறமும் எண்ணச் சொல்வது குறைந்த நேரத்தில் முடியும். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கற்பித்த பி.கே. சீனிவாசன், எண்களின் ஒழுங்குகளைக் கண்ணால் பார்க்கவிட்டே சிறு பிள்ளைகளை இயற்கணிதத்துக்குள் அழைத்துவர முடியும் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர். நம்மிடமே அந்த மரபு இருக்கும்போது குறியை மாற்று என்ற கட்டளையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

எனக்கே கடினமாகப் படும் மறுப்பு மூன்றாவது. ஒருவருக்கு ஓர் இழுப்பு என்பது நியாயம்போலத் தோன்றுகிறது. ஆனால் 1,600 மீட்டரில் இருக்கும் குடும்பம் இந்த ஏற்பாட்டில் 1,200 மீட்டர் நடக்கிறது, அதன் கூக்குரல் முனையை அசைப்பதே இல்லை. சற்றுமுன் வலிமை என்று நான் சொன்னது, கடைக்கோடியில் இருப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் செவிட்டுத்தனம். உண்மை. மிகத் தொலைவில் இருப்பவரின் நடையைக் குறைப்பதே நோக்கம் என்றால், ஐந்து மட்டு மதிப்புகளையும் கூட்டக் கூடாது, அவற்றுள் எப்போதும் பெரியதை மட்டும் வரைய வேண்டும். அதுவும் ஒரு கூர்முனைதான். வடகோடிக்கும் தென்கோடிக்கும் சரிபாதியில், 850 மீட்டரில் திரும்புகிறது. யாரும் 750 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டாம், ஆனால் மொத்த நடை 2,750 மீட்டராக உயர்கிறது. 400, 600, 850: ஒரே சாலை, அதே ஐந்து குடும்பங்கள், மூன்று திருப்பு முனைகள். எதை வரைவது என்பதை இயற்கணிதம் சொல்லாது. ஆனால் எதை வரைந்தால் யார் எவ்வளவு நடக்கிறார் என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும். சூத்திரத்தை மட்டும் கற்ற பிள்ளைக்கு இந்தத் தேர்வு ஒன்று இருப்பதே தெரியாது.

எண்ணிக்கை பெருகும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கடற்கரைச் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும், மற்ற எல்லாத் தெருக்களிலும் இருப்பவர்களைவிட ஒருவர் அதிகமாகக் குடியிருந்தால், மொத்த நடையின் முனை அதன் வாசலில் போய் நின்றுவிடும். குப்பத்துத் தெருக்கள் எங்கே இருந்தாலும் அது அசையாது. இதற்காக மட்டு மதிப்பைக் கைவிட வேண்டியதில்லை. இழுப்புகளுக்கு எடை கொடுக்கலாம். |எக்ஸ் − 16| என்பதற்கு முன்னால் ஓர் எண்ணைப் போட்டால், அந்த வீட்டில் முதியவர் ஒருவரோ, நடக்கச் சிரமப்படும் ஒருவரோ இருக்கிறார் என்பதைக் கணக்கு ஏற்றுக்கொள்ளும். எடை 2 என்றால் 400-க்கும் 700-க்கும் இடைப்பட்ட சாலை முழுதும் சமதளம்; நிறுத்தத்தை அதில் எங்கும் வைக்கலாம். எடை 3 என்றால் முனை 700-க்கு நகர்கிறது. 5 என்றால் அந்த வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் நடைக்கு எடை 2 வேண்டுமா, 3 வேண்டுமா, 5 வேண்டுமா என்பதை வார்டுக் கூட்டத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பேசுகிறவர்கள் கையில் அந்த வரைபடம் இருந்தால், எடையை ஒன்று கூட்டினால் முனை எந்தத் தெருவுக்குப் போகும், யாருடைய நடை எத்தனை மீட்டர் கூடும் என்று அங்கேயே விரல்விட்டு எண்ணிவிடலாம்.